பதின்மூன்று டிகிரி

ஐப்பசி

மழை விடவில்லை. கணக்கெழுத ஏற்ற மாதம். வெயில் வந்துவிட்டால் கை நேரே வேலைக்குப் போய்விடும்.

சென்னையில் ஒரு பூங்கா. நடுவில் மரமில்லாத மண்திட்டு. அங்கே போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி ஒரு சூரியக் கடிகாரம் வைக்க வேண்டும், அது சரியான நேரம் காட்ட வேண்டும். இவ்வளவுதான் காரியம். அலங்காரத்துக்கு நிற்கும் சூரியக் கடிகாரங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். லண்டன் பக்கத்து அட்சரேகைக்கு வரைந்த கோடுகளை அப்படியே நகலெடுத்த பித்தளைத் தட்டுகள் அவற்றில் நிறைய. தரையில் கிடத்தும் தட்டில் 12 மணிக் கோட்டுக்கும் 1 மணிக் கோட்டுக்கும் இடையே லண்டனில் ஏறக்குறைய 12 டிகிரி விலகல் இருக்க வேண்டும். சென்னையில் மூன்றரை டிகிரிதான். இங்கே நடுப்பகல் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் மட்டும் 50 டிகிரி வெட்டவெளி கிடக்கும். ஓர் ஊருக்குச் செய்த சூரியக் கடிகாரம் இன்னோர் ஊரில் பொய் சொல்லும். அதன் மேல் எனக்குள்ள மதிப்பே அதனால்தான்.

நவம்பர் 3ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் ஊரின் சராசரி நேரத்தைவிட 16 நிமிடம் 25 விநாடி முந்தி நிற்கிறது. ஆண்டிலேயே மிகப் பெரிய வித்தியாசம் இது. நம் ஊரில் அடைமழை மேகத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் நடந்து முடிந்துவிடுகிறது.

இந்த முந்தலும் பிந்தலும் எங்கிருந்து வருகின்றன என்று பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பூமி தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி போதும். ஆனால் அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் அது சற்று நகர்ந்துவிடுவதால், மறுபடி சூரியனுக்கு நேரே வர இன்னும் கொஞ்சம் சுழல வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்சம் சராசரியாக 3 நிமிடம் 56 விநாடி. சராசரியாகத்தான், நாளுக்கு நாள் அது மாறும். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், மிக வேகமாக ஓடுகிறது. அப்போது கூடுதலாகச் சுழல வேண்டும். இது ஒரு காரணம். இதனால் மட்டும் வரும் வித்தியாசம் ஏழரை நிமிடத்துக்குச் சற்று மேல்வரை போகும், ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். பூமியின் அச்சு 23.44 டிகிரி சாய்ந்திருப்பது இரண்டாவது காரணம். சூரியனின் ஆண்டுப் பயணம் நிலநடுக்கோட்டுக்குச் சாய்வாக ஓடுகிறது. நம் கடிகாரமோ நடுக்கோட்டை ஒட்டி மட்டுமே அளக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியனின் நடையில் ஒரு பங்கு வடக்கு தெற்காகச் செலவாகிவிடும். ஜூனிலும் டிசம்பரிலும் முழுவதும் கிழக்காகவே சேரும். இதனால் வருவது பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, ஆண்டுக்கு இருமுறை. இரண்டையும் கூட்டினால் ஆண்டு முழுதும் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு கிடைக்கிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நான்கு நாட்களில் அது சூன்யத்தைத் தொடும். நம் புத்தாண்டுக்கு மறுநாள் அதில் முதலாவது.

சுவர்க்கடிகாரம் சொல்வது ஓர் ஆண்டு முழுவதற்குமான சராசரியை. இன்றைய நாள் அதற்குத் தெரியாது.

கார்த்திகை

நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கியைத் தாங்கிய தூண். தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் ஓடியது இந்த இடத்து நேரப்படிதான். மெட்ராஸ் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடச் சொச்சம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி வந்தது. அன்றிலிருந்து நம் நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம். சென்னை 80¼ டிகிரியில் இருக்கிறது.

ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆகவே சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 9 நிமிடம் தாமதம். மதுரைக்கு ஏறத்தாழ பதினேழரை, கோவைக்கு 22. ஐப்பசியில் சூரியன் எவ்வளவுதான் முந்தினாலும் கோவையில் கைக்கடிகாரம் 12.05 தாண்டாமல் உச்சிப்பொழுது வராது. ஆண்டில் ஒரு நாள்கூட வராது. நடுப்பகல் 12 மணி என்று அங்கே சொல்வது வெறும் வழக்கம்.

சென்னையில் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கு வரும், பிப்ரவரி நடுவில் 12.23க்கு வரும். இந்த அரைமணி நேர ஊசலை ஒருவர் தன் கண்ணால் பார்க்க முடிந்தால் போதும் என்று தோன்றுகிறது. பூங்காவில் இதை வைக்க வேண்டும் என்று நான் மன்றாடுவதன் காரணம் அதுதான்.

மார்கழி

வடக்கு எது?

திசைகாட்டி உதவாது. காந்த ஊசி இங்கே உண்மை வடக்கிலிருந்து ஓரிரு டிகிரி மேற்கே விலகி நிற்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் அதன் பக்கமும் சாயும். துல்லியம் வேண்டுமென்றால் சூரியனிடமே கேட்க வேண்டும்.

காத்யாயனரின் சுல்ப சூத்திரத்தில் சொன்ன முறை போதும். மட்டமான தரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்து வட்டம் போட வேண்டும். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வெளியேறும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. கோயில் மனையில் சங்கு என்னும் முளையை நாட்டுவதும் இதே காரியம்தான். மேஸ்திரிக்கு நான் விளக்கத் தொடங்குமுன்பே அவர் தூக்குக்குண்டை எடுத்துக் குச்சியின் நிமிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரைக்கு ரசமட்டம் வைத்தார். இந்த இரண்டும் பிசகினால் அதற்குமேல் கணிதம் எதுவும் காப்பாற்றாது.

இதைச் செய்ய மார்கழிதான் சரி. டிசம்பர் 21, 22ஐ ஒட்டி சூரியன் வடக்கு தெற்காக நகர்வது கிட்டத்தட்ட நின்றுவிடும். காலைக்கும் மாலைக்கும் சமச்சீர் குலையாது. மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். இன்னொரு காரணம் இன்னும் முக்கியம். கடிகாரம் முழுவதும் செங்குத்து அச்சில் ஒரு டிகிரி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் நடுப்பகலில் அது இரண்டரை நிமிடப் பிழையாக வெளியே தெரியும். ஏப்ரல் 24 நடுப்பகலில் துளியும் தெரியாது. சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது தட்டை எப்படித் திருப்பினால் என்ன? பிழை ஒளிந்துகொள்ளும் மாதத்தில் சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிடக் கூடாது.

டிசம்பர் 22 அன்று சென்னையில் உச்சிப்பொழுது 12 மணி 7 நிமிடம். அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு நூலின் நிழலைத் தரையில் கோடிட்டோம். வட்டம் காட்டிய வடக்கோடு அது பொருந்தியது. மேஸ்திரி அந்தக் கோட்டின் மேல் சிமென்ட்டைக் குழைத்து ஓர் ஆணி பதித்தார்.

தை

உத்தராயணம் தொடங்கிய பிறகும் விடியல் தள்ளிக்கொண்டே போகிறது. சென்னையில் சூரியன் ஆண்டிலேயே மிகத் தாமதமாக உதிப்பது தை மாதத்தில். மிகச் சீக்கிரம் மறைந்தது கார்த்திகைத் தொடக்கத்தில். டிசம்பர் கடைசியில் ஓர் உச்சியிலிருந்து மறு உச்சிவரை 24 மணியும் கூடுதலாக ஏறத்தாழ 30 விநாடியும் ஆவதால் வந்த வினை இது. நாள் ஒன்றுக்கு அரை நிமிடம். சேர்ந்து சேர்ந்து பிப்ரவரி 11 வாக்கில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கிவிடும்.

கடிகாரத்தின் வடிவம் முடிவாகிவிட்டது. பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு கம்பி. அதை மையமாகக் கொண்டு கீழே ஓர் அரைவளையம், வளையத்தின் உட்புறத்தில் மணிக்கோடுகள். பூமி ஒரே சீராகச் சுழல்வதால் கோடுகளும் சம இடைவெளியில் வரும், மணிக்கு 15 டிகிரி. தரைத்தட்டின் நெரிசல் இதில் கிடையாது. காலை 7 மணிக்கும் நடுப்பகலுக்கும் ஒரே துல்லியம். சென்னையில் நடுப்பகல் வெயிலில் யாரும் நின்று எதையும் படிக்கப் போவதில்லை. நடைக்கு வருகிறவர்கள் காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 6 வரை வருவார்கள். அந்த நேரத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

அச்சுக்கு இணை என்றால் சென்னையில் தரையிலிருந்து 13 டிகிரி மட்டும் உயர்ந்த சாய்வு. 1.2 மீட்டர் கம்பியின் வடமுனை தென்முனையைவிட 27 செ.மீ. உயரம், அவ்வளவுதான். ஐரோப்பியப் படங்களில் கம்பி செங்குத்துக்குப் பாதிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். மேஸ்திரி என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார், வடக்கால தலை வெச்சுப் படுத்திருக்கு?”

“துருவ நட்சத்திரத்தைப் பாத்துப் படுத்திருக்கு மேஸ்திரி. நம்ம ஊர்ல அது அவ்ளோ தாழ்வாதான் இருக்கும்.”

கல்யாணத்தில் பெண்ணுக்குக் காட்டும் நட்சத்திரங்களில் ஒன்றுதானே என்றார். ஆமாம், அதேதான்.

மாசி

கம்பி எவ்வளவு கனம்? இதற்கு ஒரு வாரம் யோசித்தேன்.

சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரிக்குச் சற்று அகலமான வட்டு. ஆகவே எந்த நிழலின் விளிம்பும் கூராக இராது. கருநிழலுக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு மங்கல் பட்டை இருக்கும். கம்பியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அந்தப் பட்டை 9 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கம்பி அதைவிட மெல்லியதாக இருந்தால் கருநிழலே விழாது, வெளிறிய ஒரு சாயல் மட்டும் வளையத்தின் மேல் கிடக்கும். துல்லியம் வேண்டும் என்று ஊசி மாதிரி கம்பி வைப்பவர்கள் துல்லியத்தை இழப்பது இங்கேதான். 12 மி.மீ. எடுத்தேன். நடுவில் மூன்று மில்லிமீட்டர்போல் கரிய இழை ஒன்று மிஞ்சும். நிழல் அங்கே நிமிடத்துக்கு 4.36 மி.மீ. நகர்கிறது. கண் பழகினால் அரை நிமிடம்வரை படிக்கலாம்.

பெரிதாகக் கட்டினால் இன்னும் துல்லியம் வருமா என்று பூங்காவுக்குப் பொறுப்பானவர் கேட்டார். ஜெய்ப்பூரைப் பற்றிச் சொன்னேன். இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரம். அதன் சாய்சுவர் அந்த ஊரின் 27 டிகிரியில் துருவத்தை நோக்கி ஏறுகிறது. இரண்டு பக்கமும் பளிங்கு வளைவுகள், அவற்றில் நிழல் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஊர்வதைக் கண்ணால் காணலாம். இரண்டு விநாடிக்கு ஒரு கோடு செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் 15 மீட்டர் தொலைவில் மங்கல் பட்டையும் 14 செ.மீ. ஆகிவிடுகிறது. அளவு எதுவானாலும் அந்தப் பட்டையின் அகலம் இரண்டு நிமிடச் சொச்சம்தான், ஏனென்றால் சூரியன் தன் அகலத்தைக் கடக்க அவ்வளவு நேரம் ஆகிறது. பெருக்கினால் கோடும் பெருகும், மங்கலும் பெருகும். அங்கே நிழலின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து, அதன் நிழல் எங்கே கரைந்து மறைகிறது என்று பார்த்துத்தான் நுட்பமாகப் படிக்க வேண்டும். அதைச் செய்யப் பழகிய ஒரு கை வேண்டும். பூங்காவில் ஆரம் ஒரு மீட்டரே போதும்.

பங்குனி

வளையம் கருங்கல். இரும்பு வெயிலில் சுடும், குழந்தைகள் தொடுவார்கள். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் வேலை நடக்கிறது. மணிக்கு 26.2 செ.மீ., ஐந்து நிமிடத்துக்கு 21.8 மி.மீ. சிற்பி இந்த எண்களைக் கேட்டுக்கொண்டு, தன் அளவுகோலில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கோட்டை உளியால் வெட்டினால் அதன் அகலமே கால் நிமிடமாகிவிடும் என்று அவர்தான் கவனித்தார். எல்லாக் கோட்டுக்கும் இடது ஓரத்தையே கணக்கில் வைப்பது என்று முடிவாயிற்று.

ஒன்பது நிமிடத் தீர்க்கரேகைத் திருத்தத்தைக் கல்லிலேயே வைத்துவிடலாம். வளையத்தின் அடிப்புள்ளியிலிருந்து 12 மணிக் கோட்டை 39 மி.மீ. மேற்கே தள்ளி வெட்டினால் முடிந்தது. அது ஊருக்கான திருத்தம், என்றைக்கும் மாறாது.

நாளுக்கு நாள் மாறும் மற்றத் திருத்தத்தையும் உள்ளே மறைத்துவிட வழி இருக்கிறது. 1892இல் ஆலிவர் என்ற ஆங்கிலேயத் தளபதி, கம்பிக்குப் பதிலாக சிறுத்தும் பருத்தும் போகும் ஒரு கடைசல் வடிவத்தை வைத்துக் காப்புரிமை பெற்றார். அன்றன்றைய உச்சிச் சூரியனின் உயரத்துக்கு ஏற்ப அதன் வளைவே நிமிடங்களைத் திருத்திவிடும். ஆண்டில் இருமுறை மட்டும் கடைசலை மாற்ற வேண்டும். 1906இல் கிப்ஸ் என்பவர் செய்த கருவி நிமிடத்துக்குள் நேரம் காட்டியது. அழகான வேலைகள். இருந்தும் நான் வேண்டாமென்றேன். சூரியனையும் கடிகாரத்தையும் பொருத்திக் காட்டிவிட்டால் பூங்காவில் இருப்பது இன்னொரு கடிகாரம் மட்டும். வித்தியாசம் வெளியே தெரியட்டும். பக்கத்தில் ஒரு பலகையில் அந்த வளைகோட்டைத் தமிழ் மாதங்களோடு வரைந்து வைத்தால், வேண்டியவர் கூட்டிக் கழித்துக்கொள்வார்.

சித்திரை

கடிகாரம் நிறுவியாயிற்று. ஏப்ரல் 15ஐ ஒட்டி வளையமும் கைக்கடிகாரமும் ஒரே நேரம் சொல்கின்றன.

24ஆம் தேதி நிழலில்லா நாள். சென்னையின் அட்சரேகையும் சூரியனின் வடக்கு நகர்வும் ஒன்றாகும் நாள். மீண்டும் ஆகஸ்ட் 18இல் வரும். கன்னியாகுமரிக்கு இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துபோய்விடும். பூங்காவில் பிள்ளைகள் தண்ணீர்க் குவளையை, டார்ச்சை, செருப்பை எல்லாம் நிறுத்தி வைத்து நிழல் அடிக்குள் ஒடுங்குவதைப் பார்த்தார்கள். வளையத்தில் விழும் நிழல் வழக்கம்போல் தன் கோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. சாய்ந்த கம்பிக்கு அன்றும் நிழல் உண்டு என்பதை ஒரு பெண் கண்டுபிடித்து மற்றவர்களை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனி

சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. வெப்ப மண்டலத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காலம் இது. ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை சென்னையில் தெற்குப் பார்த்த சுவரில் நேர்வெயில் ஒரு நொடிகூட விழாது. ஐரோப்பாவில் மாதாகோவில் தெற்குச் சுவர்களில் நூற்றாண்டுகளாக வேலை செய்யும் கடிகார வடிவத்தை இங்கே வைத்தால் நான்கு மாதம் குருடு.

மனிதரே கம்பியாக நிற்கும் வகையும் ஒன்று உண்டு. தரையில் ஒரு நீள்வட்டம், மணிப்புள்ளிகள், நடுவே மாதங்கள் குறித்த கோடு. அன்றைய மாதத்தில் போய் நின்றால் உங்கள் நிழல் மணியைக் காட்டும். பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றது என்பார்கள். சென்னைக்கு வரைந்து பார்த்தேன். 6 மீட்டர் நீளமுள்ள வட்டம் 1.36 மீட்டர்தான் அகலம் வருகிறது, அவ்வளவு தட்டை. மாதக்கோடோ இரண்டு பக்கமும் 1.27 மீட்டர் நீண்டு வட்டத்தைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. நிழலில்லா நாளில் நிற்க வேண்டிய இடம் சரியாக 12 மணிப் புள்ளியின் மேல்! ஆனியில் வட்டத்துக்கு வெளியே வடக்கே நிற்க வேண்டும். அப்போது ஒரே நிழல்கோடு இரண்டு மணிகளைத் தொடலாம், ஏனென்றால் செங்குத்தான எதன் நிழலும் இந்த மாதக் காலையில் ஒரு பக்கம் நாலரை டிகிரி திரும்பி, நின்று, வந்த வழியே திரும்பிவிடும். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் கணிதர் பெட்ரோ நூனெஸ் இதைக் கணக்கில் கண்டார். நம் தெருவிளக்குக் கம்பங்கள் எல்லாம் ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கின்றன. காலை எட்டரை மணியை ஒட்டிப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன், நிழல் திரும்பும் இடத்தில் வெகுநேரம் அசையாமல் நின்றது.

ஆவணி

பலகை வந்துவிட்டது. வளைகோடு, அதன் கீழே ஒரே ஒரு வழிமுறை: நிழலின் நடு இழையைப் படிக்கவும், இன்றைய எண்ணைச் சேர்க்கவும். காலையில் சூரியன் மிகத் தாழ்வாக இருக்கும்போது காற்று மண்டலம் ஒளியை வளைத்துச் சிறிது பிசகும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். பத்து டிகிரி ஏறிவிட்டால் அது ஏறக்குறைய இருபது விநாடிக்குள் அடங்கிவிடும்.

மிச்சமிருப்பது மரப் பிரச்சினை. வெயில் கேட்கும் கல்லும் நிழல் கேட்கும் மனிதரும் ஒரே திட்டில். மேற்கே இரண்டு புங்கங்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். பத்து வருடத்தில் மாலைக் கோடுகள் முழுவதையும் அவை மூடிவிடும். புங்கம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சூரியன் சென்னையில் உதிப்பதும் மறைவதும் நேர்கிழக்கு மேற்கிலிருந்து இரு பக்கமும் 25 டிகிரிக்குள். நேர்வடக்கே உச்சியைக் கடக்கும்போது அது 79 டிகிரிக்கு மேல் உயரத்தில் இருக்கும். ஆகவே வடக்கில் ஆறு மீட்டர் தள்ளிப் பத்து மீட்டர் மரம் வளர்ந்தாலும் அதன் உச்சி கம்பியிலிருந்து பார்க்க 59 டிகிரியைத் தாண்டாது, வளையத்தின் மேல் நிழல் விழாது. பெஞ்சையும் அங்கேயே மரத்தடியில் தெற்குப் பார்த்துப் போட்டால் உட்கார்ந்தபடி மணி பார்க்கலாம். பூங்காவுக்குப் பொறுப்பானவர் ஒத்துக்கொண்டார். கன்றுகளை வேர்மண்ணோடு பெயர்த்து வைக்க, அடுத்த மழைக்கு முன் இரண்டடிக் குழி இரண்டு வெட்ட வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.